முள்ளைக் காப்பாற்றப் போய் இன்ஜினைக் கொல்லாதீர்கள்

கேரவனில் கொடைக்கானல் மலையேறுகிறவர்களுக்கு ஆயில் பிரஷர் பற்றி அறிவுரை சொல்லி, சென்ற மாதம் இவ்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அதற்கு இது எதிர்வினை. கட்டுரையாளர் நான்கு யோசனைகள் சொல்லியிருக்கிறார். நான்கும் தவறு. முதல் இரண்டு இன்ஜினைக் கெடுக்கும். அடுத்த இரண்டு வண்டிக்குள் இருப்பவர்களின் உயிரையே எடுக்கும். கருத்து வேறுபாடு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. டீசல் இன்ஜினுக்குள் ஆயில் எப்படி ஓடுகிறது என்று அறியாமல், அறிந்தவர் குரலில் எழுதியிருக்கிறார்.

அச்சில் வந்த சொல் சாலையில் என்ன செய்யும் என்பதை அடுத்த வாரமே நேரில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, கொடைக்கானல் சாலையில் பெருமாள்மலைக்குக் கீழே நீண்ட வாகன வரிசை. நடுவில் ஒரு கேரவன், பானட் திறந்து நின்றது. உள்ளே ஒரு குடும்பம், அழும் குழந்தை. ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வியர்த்து நின்றார்.

“என்ன தம்பி, வண்டி நின்னு போச்சா?”

“நிக்கலண்ணே, நாந்தான் நிறுத்துனேன். வரிசையில வந்து நின்னதும் ஆயில் முள்ளு பொத்துனு விழுந்துருச்சு. விழுந்தா ஒடனே ஆஃப் பண்ணச் சொல்லி முதலாளி பத்திரிகையில படிச்சாராம்.”

“எத்தனை தடவை ஆஃப் பண்ணீங்க?”

“இதோட மூணு தடவைண்ணே. வத்தலக்குண்டுல சொல்லி டோவிங் வண்டி வரச் சொல்லிருக்கோம்.”

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தோம். வண்டி சரிவில் நின்றதால் அளவு துல்லியமாகத் தெரியாது. ஆனாலும் ஆயில் இருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஐடிலில் முள் 15 பி.எஸ்.ஐ.க்கு அருகில் நின்றது. “ஆக்சிலரேட்டரை மெதுவா மிதிங்க, 2,000-க்குக் கொண்டு போங்க” என்றேன். முள் உடனே எழுந்து 40-ஐத் தாண்டியது. காலை எடுத்தார், இறங்கியது. மிதித்தார், ஏறியது. இன்ஜினில் தட்டும் ஓசை இல்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை. அந்த இன்ஜினுக்கு ஒரு நோயும் இல்லை. நோய் கட்டுரையில் இருந்தது.

முதல் யோசனைக்கு வருகிறேன். ஏற்றம் முடிந்து ஐடிலில் நிற்கும்போது முள் பாதிக்குக் கீழே இறங்கினால் இன்ஜின் சாகப்போகிறது, உடனே அணைத்துவிடுங்கள் என்கிறார். முள் ஏன் இறங்குகிறது என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தால் இந்த வரியை எழுதியிருக்கமாட்டார்.

ஆயில் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுழல்வது. சுற்று கூடினால் அதிக ஆயில் தள்ளும், குறைந்தால் குறைவாகத் தள்ளும். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஏறி வந்த இன்ஜின் 800 சுற்றில் ஐடிலில் நிற்கும்போது பம்ப் தள்ளும் ஆயிலும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. பம்ப் அனுப்புவது ஆயில்தான். அந்த ஆயில் மெயின் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங், கேம்ஷாஃப்ட் இடுக்குகளில் நுழைந்து வெளியேறும்போது சந்திக்கும் தடையே பிரஷராக மீட்டரில் தெரிகிறது. சூட்டில் ஆயில் இளகினால் தடை குறையும், பிரஷரும் குறையும்.

அடிவாரத்தில் உள்ள காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் வரை ஏறத்தாழ 50 கி.மீ. மலைப்பாதை. அதற்குள் வண்டி சுமார் 1,800 மீட்டர் உயர்கிறது. படுக்கை, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, அடுப்பு எல்லாம் சேர்ந்து 4 டன் வரும் வண்டியை செகண்டிலும் தேர்டிலும் இழுத்து வந்த இன்ஜினில் ஆயில் 110, 120 டிகிரி செல்சியஸைத் தொடுவது இயல்பு. வழக்கமான 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையில் 100 டிகிரிக்கு வரும்போது ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சும். 120-க்குப் போனால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சுற்றும் குறைந்து ஆயிலும் இளகிய நேரத்தில் முள் இறங்காமல் இருந்தால்தான் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்ஜின் தயாரித்தவர்கள் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். நம் நாட்டு லாரிகளிலும் பேருந்துகளிலும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய கம்மின்ஸ் 5.9 லிட்டர் பி வரிசை இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். சூடான ஐடிலில் குறைந்தபட்சம் 10 பி.எஸ்.ஐ., முழுச் சுற்றில் குறைந்தபட்சம் 30 பி.எஸ்.ஐ. போதும் என்பதே அதன் அளவு. வேன்கள் தயாரிக்கும் ஃபோர்ஸ் நிறுவனம் பஜாஜ் டெம்போ என்ற பெயரில் இருந்த காலத்திலேயே மெர்சிடிஸின் ஓ.எம். 616 டீசல் இன்ஜினை உரிமம் பெற்று இங்கே செய்தது. அதே இன்ஜின் ஓடிய மெர்சிடிஸ் 240டி காரில் ஆயில் மீட்டரே 0 முதல் 3 பார் வரைதான். ஓடும்போது முள் 3-ல் முட்டி நிற்கும். சூடான ஐடிலில் அரை பார், அதாவது 7 பி.எஸ்.ஐ. வரை இறங்கலாம், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஏறினால் சரி. இதுதான் அந்த இன்ஜினைச் செய்தவர்கள் சொன்னது. பட்டறைகளில் ‘கிலோ’ கணக்கில் பேசுவார்கள். ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ. சூட்டில், ஐடிலில் ஒரு கிலோ காட்டும் வண்டியைப் பார்த்து எந்த நல்ல மெக்கானிக்கும் பதறமாட்டார்.

சும்மா அணைத்ததில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் பெரிது. இன்றைய டீசல் கேரவன் எல்லாமே டர்போ வைத்தவை. ஏற்றத்தில் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவதும் குளிர்விப்பதும் ஆயில்தான். கொதிக்கும் டர்போவோடு இன்ஜினைச் சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, அங்கேயே தங்கிய ஆயில் கருகிக் கரியாகும். ஏறி முடித்ததும் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டுப் பிறகு அணை என்று ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தருவது இதற்காகத்தான். கட்டுரையாளர் அதற்கு நேர் எதிரானதைச் செய்யச் சொல்கிறார். பெருமாள்மலையில் அந்தப் பையன் மூன்று முறை செய்ததும் அதுதான்.

இரண்டாவது யோசனை, 15டபிள்யூ-40-ஐ வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஊற்று என்பது. மலையில் காற்று மெலிவதால் ஆயில் பிரஷரும் மெலியும், அதைக் கெட்டி ஆயில்தான் ஈடுகட்டும் என்று காரணமும் சொல்கிறார். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். கடற்கரையை விட அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. குறைவு, அவ்வளவுதான். ஆயில் மீட்டர் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டுத்தான் அழுத்தத்தைக் காட்டும். பேரிங் இடுக்கில் ஆயிலுக்கு உள்ள தடைக்கும் வெளிக்காற்றுக்கும் தொடர்பு இல்லை. அடிவாரத்து வத்தலக்குண்டிலும் கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கிலும் ஒரே சூட்டில், ஒரே சுற்றில் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். காரணம் பொய். அதன் மேல் கட்டிய யோசனை எப்படி நிற்கும்?

கெட்டி ஆயில் ஊற்றினால் முள் உயரும் என்பது உண்மை. அதைக் காட்டித்தான் பலரை நம்பவைக்கிறார்கள். என்னையும் ஒரு பட்டறையில் அப்படித்தான் நம்பவைத்தார்கள். டிசம்பர் மாதம், கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தித் தூங்கினேன். விடியற்காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றி உயிர் பிடித்தது. முள் கடைசிக் கோடு வரை எகிறியது. ஆனால் மேலே வால்வுப் பக்கம் ‘கட கட’ என்று வறண்ட ஓசை. பத்து எண்ணும் வரை அது நிற்கவில்லை. மீட்டரில் பிரஷர் இருந்தது, இன்ஜின் தலையில் ஆயில் இல்லை. கீழே இறங்கியதும் வேறொரு மெக்கானிக் ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டிக் காட்டினார். காகித மடிப்புகள் ஒரு பக்கமாக நசுங்கி ஒட்டிக் கிடந்தன. “கூழ ஊத்தி வடிகட்டச் சொன்னா வடிகட்டி என்னண்ணே செய்யும்?” என்றார். அன்றோடு அந்த ஆயிலை விட்டேன்.

உள்ளே நடந்தது இதுதான். பம்புக்கு அருகில் ஒரு ரிலீஃப் வால்வு இருக்கிறது. பிரஷர் ஓர் அளவைத் தாண்டினால் அது திறந்து, மிகுந்த ஆயிலை பேரிங்குக்கு அனுப்பாமல், ஆயில் தேங்கும் சம்புக்கே திருப்பிவிடும். குளிரில் கெட்டியான ஆயில் குழாய்களில் நகர மறுப்பதால் பிரஷர் எகிறும், வால்வு திறக்கும், ஆயில் வந்த வழியே திரும்பிவிடும். முள் உச்சியில் நிற்கும் அதே நேரத்தில் பேரிங் பட்டினி கிடக்கும். ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்துகொள்ளும். அப்போது கிடைக்கிற கொஞ்ச ஆயிலும் வடிகட்டப்படாமல் தூசியோடு போய்ச் சேரும். பிரஷர் கூடினால் பாதுகாப்பு கூடும் என்ற அவருடைய அடிப்படை நம்பிக்கையே இங்கே உடைகிறது.

அந்த நம்பிக்கை உடைந்து நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்து 1883-ல் அறிக்கை தந்தார். பேரிங்கின் மேல்பக்கத்தில் ஆயில் விடப் போட்ட துளையிலிருந்து ஆயில் பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார். அச்சு சுழலச் சுழல தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அடித்து அடைத்தார், அதுவும் வெளியே வந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தபோது 200 பி.எஸ்.ஐ. அளவையும் தாண்டியது. அங்கே பம்பே கிடையாது. சுழலும் அச்சு தானே ஆயிலை இடுக்குக்குள் இழுத்து, தன்னைத் தாங்கும் படலத்தை உண்டாக்கிக்கொண்டது. இதன் கணிதத்தை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். உங்கள் கேரவனின் கிராங்க்ஷாஃப்டைத் தாங்குவதும் அந்தப் படலம்தான். பம்பின் வேலை இடுக்கு வற்றாமல் ஆயில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எனவே கேட்க வேண்டிய கேள்வி, பேரிங்குக்குத் தேவையான ஆயில் தேவையான நேரத்தில் போகிறதா என்பதே. அதற்கு ஏற்ற கெட்டித்தன்மையை இன்ஜின் செய்தவர் கணக்கிட்டு வண்டியோடு வரும் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார். அதை மீற இந்தக் கட்டுரையாளரிடம் எந்த ஆதாரமும் இல்லை.

மூன்றாவது யோசனையைப் படித்தபோது கை நடுங்கியது. இறக்கத்தில் செகண்ட் கியரில் வந்தால் இன்ஜின் சுற்று ஏறி, ஆயில் பிரஷர் அளவு மீறி, சீல்கள் பிய்ந்துவிடும், ஆகவே நேரான இடங்களில் நியூட்ரலில் உருளவிடுங்கள் என்று எழுதியிருக்கிறார். பிரஷர் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளத்தான் ரிலீஃப் வால்வு இருக்கிறது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே இன்ஜின் பிரேக்கில் இறங்கும் எந்த நல்ல இன்ஜினிலும் ஆயில் பிரஷரால் சீல் பிய்வதில்லை. இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கும் பாதுகாப்பைக் கழற்றி எறியச் சொல்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 4 டன் வண்டி 1,800 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 20 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கியரில் வந்தால் அதில் பெரும் பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் அந்தப் பகுதியும் பிரேக் டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடாக இறங்கும். முதலில் தீய்ந்த வாடை வரும். பிறகு பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எதிரே பேருந்து என்ற நிலையில் அதை உணர்வதில் பயன் இல்லை. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது இந்த மலைச் சாலைகளில் தலைமுறை தலைமுறையாக ஓட்டுநர்கள் சொல்லிவருவது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ உயிர்களின் விலை இருக்கிறது. அதை ஒரு பத்தியில் அழித்துவிட்டுப் போக எவருக்கும் உரிமை இல்லை.

நான்காவது, கொடைக்கானல் குளிரில் ஆயில் உறையாமல் இருக்க இரவு முழுக்க இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுத் தூங்குங்கள் என்பது. கொடைக்கானல் லடாக் இல்லை. கடும் உறைபனி இரவிலும் அங்கே வெப்பநிலை சுழியத்தை ஒட்டித்தான் நிற்கும். 15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியிலும் இன்ஜினைச் சுற்றவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும் என்பதே அந்த எண்ணுக்கு உள்ள சோதனை. உறையாத ஆயிலுக்காக ஏழு மணி நேரம் டீசல் எரிக்கச் சொல்கிறார். அந்த ஐடில் இன்ஜினுக்கும் கேடு. பளு இல்லாமல் குளிர்ந்தே ஓடும் டீசல் இன்ஜினில் எரியாத எரிபொருளும் கரியும் ஆயிலில் சேரும்.

அதைவிடக் கொடியது புகை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுவதில்லை. டீசல் புகையில் அது பெட்ரோல் புகையை விடக் குறைவு. ஆனால் ஜன்னல்களை அடைத்து, மேட்டுச் சுவரை ஒட்டி நிறுத்திய வண்டியில் இரவெல்லாம் புகை சேரும்போது அந்தக் குறைவு யாரையும் காப்பாற்றாது. குழந்தைகளோடு தூங்கும் குடும்பங்களுக்கு இப்படி ஒரு யோசனையை அச்சில் தருவது பொறுப்பின்மையின் உச்சம்.

ஓர் இடத்தில் அவரோடு உடன்படுகிறேன். ஓட்டுநர் ஆயில் முள்ளைக் கவனிக்க வேண்டும். எதைக் கவனிப்பது என்பதைத்தான் அவர் எழுதவில்லை.

சுற்று உயர்ந்தும் முள் ஏறவில்லை என்றால் அது ஆபத்து. கொண்டை ஊசி வளைவில் மட்டும் முள் ஆடி விழுந்தால், சம்பில் ஆயில் குறைந்து, சரிவில் ஒதுங்கி, ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தாலோ, முள் சுழியத்துக்கு விழுந்து தட்டும் ஓசை கேட்டாலோ, பாதுகாப்பான முதல் இடத்தில் ஒதுக்கி அந்த நொடியே அணைக்க வேண்டும். அங்கே ஐடில் பேச்சுக்கே இடம் இல்லை. விளக்கை மட்டும் நம்பியும் இருக்கக்கூடாது. பல வண்டிகளில் 5 பி.எஸ்.ஐ. அளவுக்கு விழுந்த பிறகுதான் அது எரியும். ஏற்றத்தில் இழுக்கும் இன்ஜினுக்கு அது காலம் கடந்த எச்சரிக்கை.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. புகைக்குழாயில் உள்ள டி.பி.எஃப். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசல் பாய்ச்சும். சீசன் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அந்த வேலை பாதியில் அறுபடும். மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே சம்பில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடும், ஆயில் தண்ணீராய் இளகும், முள் மாதா மாதம் கீழே வரும். ஆயில் குறையவில்லை, கூடியிருக்கிறது என்று மகிழ்ந்தால் பேரிங் போகும். உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். மீட்டர் மேல் சந்தேகம் வந்தால் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரியும். இவற்றில் ஒன்றுகூட அந்தக் கட்டுரையில் இல்லை.

அந்த நான்கு யோசனைகளையும் கட்டுரையாளர் அடுத்த இதழிலேயே திரும்பப் பெற வேண்டும். குறைந்தபட்சம் நியூட்ரலையும் இரவு ஐடிலையும் பற்றி எழுதியது தவறு என்று தன் பெயரோடு சொல்ல வேண்டும். ஆசிரியர் அதைப் பெரிய எழுத்தில் வெளியிட வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்குக் கிளம்பும் முன் வத்தலக்குண்டில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கையேட்டில் உள்ள ஆயிலையே ஊற்றுங்கள். சூடான ஐடிலிலும் 2,000 சுற்றிலும் உங்கள் வண்டியின் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். மேலே போய் முள் அந்த இடத்துக்கு அருகில் நின்றால் நிம்மதியாக ஏரியைச் சுற்றி வாருங்கள். இரவில் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். திரும்பும்போது செகண்ட் கியரில் இறங்குங்கள்.